நீச்சல் தெரியும், வானிலையும் நன்று: படகை எடுக்க அது போதுமா?

ஐந்து மீட்டர் நீளமுள்ள பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சரக்குப் படகுகளும் பயணிகள் படகுகளும் போய்வரும் ஆற்றிலும், அதையொட்டிய நீர்த்தேக்கத்திலும் உங்கள் மனைவியையும் எட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் விடுமுறை நாள்களில் அழைத்துப் போக எண்ணுகிறீர்கள். உங்களுக்கு நன்றாக நீச்சல் தெரியும், வானிலை தெளிவாக உள்ள நாளில் மட்டுமே படகை எடுப்பீர்கள், கரையை விட்டு வெகுதூரம் போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, இதற்கு மேல் பாதுகாப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன அந்த மூன்றையும் நம்பித்தான் பெரும்பாலோர் புறப்படுகிறார்கள் என்பதால், பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன். பொழுதுபோக்குப் படகு விபத்துகளை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிக்கைகளைப் படித்தால், விபத்துகளில் பெரும்பகுதி அலையடங்கிய நீரில், காற்று லேசாக வீசும் நாளில், நல்ல வெளிச்சத்தில் நடந்திருப்பது தெரியும். இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. தூண்டில் போடவும் காற்று வாங்கவும் போன அவர்கள், அன்று தண்ணீரில் விழுவோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே எண்ணத்திலிருந்து வருகிறது: இன்று நம்மில் ஒருவர் தண்ணீரில் விழுவார் என்று வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டியதைக் கரையிலேயே செய்து முடித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். விழுந்த பிறகு செய்யக் கூடியது மிகக் கொஞ்சம்.

முதலில் லைஃப் ஜாக்கெட். படகில் அது இருப்பது வேறு, உடம்பில் இருப்பது வேறு. இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் ஜாக்கெட்டைத் தேவைப்படும்போது எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பலர். படகு கவிழ்வதற்குச் சில நொடிகளே ஆகின்றன. அதற்குள் உங்களுக்கும் மாட்டி, இரண்டு பிள்ளைகளுக்கும் மாட்டிவிட ஒருவராலும் முடியாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு ஜாக்கெட்டை அணிந்து பாருங்கள். அது மேலே மிதக்கும், நீங்கள் கீழே போவீர்கள், வாரை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று விரல்களுக்குத் தெரியாது. எனவே துறையில் படகில் கால் வைக்கும் முன்பே எல்லாரும் அணிந்திருக்க வேண்டும், கரையில் இறங்கிய பிறகே கழற்ற வேண்டும். ஓட்டுபவரும் அதற்கு விலக்கல்லர். அப்பா அணியாத ஜாக்கெட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனமார அணிந்துகொள்வதை நான் பார்த்ததில்லை.

ஜாக்கெட்டை வாங்கும்போது அதன் மிதப்பு ஆற்றலைக் குறிக்கும் நியூட்டன் எண்ணைப் பாருங்கள். பன்னாட்டுத் தர அளவுகளில் 50, 100, 150, 275 என்று நான்கு நிலைகள் உண்டு. 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகிலேயே இருக்கும் இடத்துக்கு. அது மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே திருப்பித் தராது. 100 என்பது அலை அதிகமில்லாத அடைப்பான நீருக்கு. நினைவிழந்தவரை மல்லாக்கத் திருப்புவதை நம்பி வாங்குவதானால் 150 வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்களின் எடைக்கு ஏற்றதை வாங்குங்கள். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். வாரையெல்லாம் இறுக்கி மாட்டிய பிறகு இரண்டு தோள்பட்டைப் பகுதிகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அந்த அளவு சரியில்லை. தொடைகளுக்கு இடையே வரும் வார் உள்ளதைச் சின்னப் பிள்ளைக்கு வாங்குவதே நல்லது. காற்று நிரம்பும் வகை இலகுவானது, வெயிலில் அணிந்திருக்கவும் எளிது. ஆனால் அதற்குள்ளிருக்கும் கரியமில வாயுக் குப்பி திருகு தளர்ந்தோ ஏற்கெனவே காலியாகியோ இருந்தால் அது வெறும் துணிதான். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அந்தக் குப்பியைக் கையால் திருகிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வகை ஏற்றதல்ல. நுரை வைத்த ஜாக்கெட்டே அவர்களுக்கு.

நீச்சலைப் பற்றி ஒரு சொல். நீந்தத் தெரிந்தவர் தாமாக இறங்கி நீந்துவதும், உடையோடும் செருப்போடும் எதிர்பாராமல் விழுவதும் ஒன்றல்ல. தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், விழுந்த கணத்திலேயே நம்மை அறியாமல் வாய் பிளந்து ஒரு பெருமூச்சை இழுக்கிறோம். தலை நீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். நல்ல வெயில் நாளிலும் மலையிலிருந்து வரும் ஆறும் ஆழமான நீர்த்தேக்கமும் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கக்கூடும். மிகக் குளிர்ந்த நீருக்கு, கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரவலாக எடுத்துச்சொன்ன 1-10-1 என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மூச்சு சீராக 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். இதில் கவனிக்க வேண்டியது அந்த நடு எண். குளிரில் உறைந்து இறப்பதற்கு வெகுமுன்பே நீந்தும் வலிமை போய்விடுகிறது. தலையை மேலே வைத்திருக்க ஒன்று இருந்தால் மட்டுமே அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்கிறது. படகு கவிழ்ந்தால் கரை எவ்வளவு அருகில் தெரிந்தாலும் படகைப் பற்றிக்கொண்டு இருங்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். தேடி வருபவர் கண்ணுக்கு ஒரு தலையைவிடக் கவிழ்ந்த படகு எளிதில் தெரியும் என்பது இன்னொரு காரணம்.

பலர் நினைத்தே பார்க்காதது, விழுந்தவர் திரும்ப எப்படி ஏறுவார் என்பது. சில ஆண்டுகளுக்கு முன், நங்கூரமிட்ட என் படகிலிருந்து நான் வேண்டுமென்றே குதித்து ஏணியில்லாமல் ஏறிப் பார்த்தேன். படகின் விளிம்பு நீரிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் விளிம்பைப் பற்றி உடம்பை மேலே இழுத்தால், படகின் அடிப்பாகம் உட்பக்கமாக வளைந்திருப்பதால் கால்கள் அதற்கடியில் போய் மிதக்கின்றன. உதைக்க ஒன்றும் அகப்படாமல் முழு எடையும் விரல்களில் தொங்குகிறது. மூன்றாம் முயற்சியில் கைகள் நடுங்கத் தொடங்கின. உடற்பயிற்சி உள்ளவன், வெதுவெதுப்பான நீர், பதற்றமில்லாத நேரம், அப்படியும் என்னால் ஏற முடியவில்லை. உங்கள் படகில் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி இருக்கிறதா என்று பாருங்கள். அது நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு படியாவது போக வேண்டும். தண்ணீரில் இருப்பவர் தாமே இழுத்து விரிக்கும்படியும் இருக்க வேண்டும். ஏணி இல்லையென்றால், படகின் ஓரத்தில் கட்டி, கால் வைக்குமளவு வளையமிட்ட ஒரு தடித்த கயிறாவது எப்போதும் தயாராக இருக்கட்டும்.

படகின் பின்பக்கத்தில் வெளியே பொருத்தும் அவுட்போர்டு மோட்டாரில், ஓட்டுபவரின் உடம்போடு இணைக்கும் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று இருக்கும். ஓட்டுபவர் இருக்கையை விட்டுத் தூக்கியெறியப்பட்டால் அது இழுபட்டு எஞ்சினை நிறுத்திவிடும். அதைத் தொடையிலோ ஜாக்கெட்டின் வளையத்திலோ மாட்டாமல் ஸ்டியரிங்கில் சுற்றிவைத்து ஓட்டுகிறவர்கள் ஏராளம், அதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. ஆளில்லாத படகு நேராகப் போய் எங்காவது முட்டி நிற்கும் என்று எண்ணாதீர்கள். புரொப்பெல்லரின் சுழற்சி மோட்டாரை ஒரு பக்கமாகத் திருப்ப, படகு வட்டமடித்து, விழுந்தவர் கிடக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். மூன்று இலைகள் கொண்ட புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3,200 சுற்று சுற்றினால் ஒரு நொடியில் 160 முறை வெட்டும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான மோட்டார் படகுகளில் வேகமாகப் போகும்போது இந்தக் கயிற்றையோ அதற்கீடான கருவியையோ பயன்படுத்துவது சட்டக் கட்டாயம். சட்டம் எங்கே எப்படி இருந்தாலும் சாவியைத் திருப்பும் முன் அந்தக் கயிறு உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். அதேபோல, யாராவது தண்ணீரில் இருக்கும்போதும் பின்புறமாக ஏறும்போதும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் போதாது, அணைத்தே விட வேண்டும்.

படகு எவ்வளவு தாங்கும் என்பது பெரும்பாலும் ஒரு தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய படகில் அது உதிர்ந்திருந்தால் அதே மாதிரியின் அளவைத் தேடித் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணுக்குள் இருந்தாலும், எடை எங்கே இருக்கிறது என்பது எடையளவு முக்கியமானது. 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில், சுற்றுலாவுக்குப் புறப்பட இருந்த ஈஸ்ட்லேண்ட் என்ற கப்பல் துறையிலேயே பக்கவாட்டில் சாய்ந்து 844 பேரைக் கொன்றது. மேல்தளத்தில் எடை கூடி ஏற்கெனவே நிலை தளர்ந்திருந்த கப்பல் அது. கரையிலிருந்து சில அடி தூரத்தில், அலையே இல்லாத நீரில் அது நடந்தது. உங்கள் ஐந்து மீட்டர்ப் படகுக்கும் இயற்பியல் அதேதான். நாலு பேரும் ஒரே பக்கத்தில் குனிந்து மீனைப் பார்ப்பது, ஓடும் படகில் எழுந்து நின்று இடம் மாறுவது, படகின் முன்முனையில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது ஆகியவற்றை முதல் நாளிலேயே விலக்கிவிடுங்கள். படகின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அலட்சியப்படுத்தக் கூடாது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். புறப்படும் முன் வடிகால் துளையின் தக்கை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், தக்கையை மறந்து துறையிலேயே மூழ்கிய படகுகள் பல. நங்கூரத்தை எப்போதும் முன்பக்கத்திலிருந்தே போடுங்கள். பின்பக்கம் தாழ்வானது, மோட்டாரின் எடையும் அங்கேதான். நீரோட்டம் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் நேரே உள்ளே வரும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது கசிந்தால் படகின் அடியிலேயே படிந்து நின்று ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். தனியாக எடுக்கக்கூடிய தொட்டியானால் கரையில் வைத்து நிரப்புங்கள், பிள்ளைகளை இறக்கிவிட்டு நிரப்புங்கள், நிரப்பிய பின் மூக்கை நம்பி ஒருமுறை முகர்ந்து பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள். மூக்கால் அறியவே முடியாதது எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. படகு மெதுவாகப் போகும்போதும் நின்றபடி எஞ்சின் ஓடும்போதும் அது பின்புறத்தில் திரளும். தலைவலி, குமட்டல் என்று அது தொடங்குவதால் படகுப் பயணத்தில் வரும் மயக்கம் என்று எண்ணிப் படுக்கவைத்துவிடுவார்கள். பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு வருவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது.

இனி, பிற படகுகளோடு பழகுவது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தன. பல நாடுகளின் ஆற்று விதிகளும் ஏறத்தாழ அவற்றையே பின்பற்றுகின்றன. எதிரெதிரே இரண்டு மோட்டார் படகுகள் வந்தால் இரண்டும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், யாருக்கு வலப்பக்கத்தில் மற்ற படகு தெரிகிறதோ அவரே விலகிக் கொடுக்க வேண்டும். முந்துபவர் எந்தப் பக்கத்திலிருந்து முந்தினாலும் விலகிப் போகும் பொறுப்பு அவருடையதே. குறுகிய வழியில் வலக்கரையை ஒட்டிப் போக வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த படகுகள், ஆழமான நடு வழியை விட்டு விலக முடியாத பெரிய படகுகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் அந்தப் படகு நேரே உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். ஐந்து குறுகிய ஊதல்கள் கேட்டால், உங்கள் நோக்கம் புரியவில்லை, ஆபத்து என்று எதிரில் வருபவர் சொல்கிறார்.

மோதுவோமா மாட்டோமா என்று ஐயம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. தொலைவில் வரும் படகை உங்கள் படகிலுள்ள ஏதாவது ஒரு கம்பத்தோடு நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் திசை மாறாதபோது அது கம்பத்தைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே போனால் கவலையில்லை. அதே கோட்டில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கப் போகின்றன. உடனே வேகத்தைக் குறையுங்கள். சரக்குப் படகுத் தொடரோடு விதி பேச வேண்டாம். அதன் ஓட்டுநருக்கு முன்பக்கத்தில் பல நூறு மீட்டர் நீளத்துக்கு நீர்ப்பரப்பே கண்ணில் படாமல் இருக்கலாம். உங்களைப் பார்த்தாலும் அவரால் நிறுத்த ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆகலாம். அதற்கு முன்னால் குறுக்கே கடக்காதீர்கள், பக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள்.

நீர்வழியின் ஓரங்களைக் காட்டும் மிதவைகளின் நிறங்களில் ஒரு சிக்கல் உண்டு. கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது உலகின் பெரும்பகுதிக்கான முறை. அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றிலும் அது வலப்பக்கம். உள்நாட்டு ஆறுகளில் தனிக் குறியீடுகளும் இருக்கக்கூடும். ஆகவே நீங்கள் போகும் நீர்வழிக்கான வரைபடத்தையும் அறிவிப்புகளையும் வாங்கி ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். அதில் தடுப்பணைகள் எங்கே என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும்போது தடுப்பணை ஒரு வழவழப்பான கோடாகத்தான் தெரியும். ஒரு முழ உயரத்திலிருந்து விழும் நீர்கூட அடியில் சுருண்டு திரும்பி, சிக்கியதை வெளியே விடாது. நல்ல ஜாக்கெட் அணிந்தவரும் அதில் மாட்டி இறந்திருக்கிறார். மேலும் கீழும் வெகுதூரம் விலகியே இருங்கள். மின்வசதியுள்ள படகுத்துறைக்கு அருகில் யாரையும் நீந்த விடாதீர்கள், பழுதான கம்பியிலிருந்து தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் தசைகள் செயலற்றுப்போய் மூழ்குவார்கள். ஒருமுறை இடி கேட்டுவிட்டால் கரைக்குத் திரும்பி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

மதுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் விட்டுவிட எனக்கு மனமில்லை. மேலே சொன்ன அறிக்கைகளில் உயிரிழப்புகளுக்குத் தெரிந்த காரணிகளில் முதலிடத்தில் இருப்பது அதுவே. ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, உடன் வருபவருக்கும் ஒரு வாய்கூட வேண்டாம். அவரும் விழக்கூடியவர்தான்.

ஒருவர் விழுந்துவிட்டால் முதல் வேலை சத்தமாகச் சொல்வது. ஒருவர் கையை நீட்டி அவரைக் காட்டியபடியே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. சின்ன அலையிலும் ஒரு தலை சில நொடியில் மறைந்துவிடும். மிதக்கும் எதையாவது அவரை நோக்கி எறியுங்கள். அவர் விழுந்த பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்பினால் படகின் பின்புறம் அவரை விட்டு விலகும். பிறகு சுற்றி வந்து, காற்று நீரோட்டம் இரண்டில் எது வலுவோ அதை எதிர்த்து மெல்ல நெருங்கி, அருகில் வந்ததும் எஞ்சினை அணையுங்கள். காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். படகை ஓட்டத் தெரிந்தவர் தண்ணீரில் இருந்தால் படகில் மிஞ்சியிருப்பது செய்வதறியாத பிள்ளைகள்தான்.

புறப்படும் முன், எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்பதைக் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். கைப்பேசியை நீர்புகாத பையில் போட்டுப் பெட்டியில் வைக்காமல் உடம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விசில் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் தொங்கட்டும். கப்பல்கள் போகும் நீரானால், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை உள்ள வி.எச்.எஃப். வானொலி (படகிலிருந்து பேசவும் கேட்கவும் உதவுவது) கைப்பேசியைவிட நம்பத்தக்கது. அருகிலுள்ள எல்லாப் படகுகளும் ஒருசேரக் கேட்கும். கைப்பேசிக் கோபுரம் எட்டாத நீர்த்தேக்கமானால், 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் சிறு கருவி ஒன்றை வாங்கி உங்கள் பெயரில் பதிவு செய்து வையுங்கள்.

முதல் விடுமுறை நாளில் எங்கும் போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஆழமில்லாத, ஓட்டமில்லாத ஓரமாகப் படகை நங்கூரமிட்டு எஞ்சினை அணைத்துவிட்டு, நாலு பேரும் ஜாக்கெட்டோடு ஒவ்வொருவராகக் குதித்துத் தாமே ஏறி வரட்டும். எட்டு வயதுப் பிள்ளையின் தாடை தண்ணீருக்கு மேலே நிற்கிறதா, ஜாக்கெட் நழுவுகிறதா என்று அருகிலிருந்து பாருங்கள். அதன் பிறகு உங்கள் மனைவி எஞ்சினைக் கிளப்பி, ஒரு வட்டம் சுற்றி, தண்ணீரில் மிதக்கவிட்ட ஒரு வாளியின் அருகே கொண்டுவந்து நிறுத்தட்டும். ஏனென்றால் விழுபவர் நீங்களாகவும் இருக்கலாம். மூத்த பிள்ளை அந்தச் சிவப்புக் கயிற்றைத் தன் கையால் இழுத்து எஞ்சினை அணைத்துப் பார்க்கட்டும். அரை நாள் ஆகும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும், ஆற்றுக்குப் போவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.